உலை வைக்கத் தெரியாத படிப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு மானம் போகிற சமாச்சாரம். கிணறு வற்றியதையும், வெங்காயம் விலை போகாமல் பட்டறையிலேயே அழுகியதையும் கூசாமல் எழுதின எனக்கு, இதை எழுத மட்டும் கை வரவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் ஒன்று நடந்தது. அதைப் பார்த்த பிறகு, இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை என்று தெரிந்துபோச்சு. அதனால் எழுதறேனுங்க.

எங்க பையன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூணாவது வருசம் படிக்கிறான். முதல் ரெண்டு வருசம் ஹாஸ்டல். இந்த வருசம் நாலு பசங்க சேர்ந்து சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். "சமையல் ரூம் இருக்குதுங்ப்பா, நாங்களே ஆக்கிக்குவோம்" என்றான். எனக்கு ஒரே பெருமை. அமராவதித் தண்ணியில் விளைந்த நம்ம அரிசி 25 கிலோ, துவரம்பருப்பு ரெண்டு கிலோ, செக்கில் ஆட்டின கடலெண்ணெய் ரெண்டு லிட்டர், ராகி மாவு, நிலக்கடலை, சின்ன வெங்காயம் அஞ்சு கிலோ. எல்லாத்தையும் நானே கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். அது ஜூன் மாசக் கடைசி.

அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன். "அப்பா, வயிறு எரியுதுங்க. மூணு நாளாத் தூங்க முடியல." விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

ரூமுக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது என் அரிசி மூட்டைதான். மூலையில், நான் வைத்த இடத்திலேயே, நான் கட்டின சணல் முடிச்சு அப்படியே இருந்தது. நாலு மாசத்தில் அதை ஒருத்தரும் தொடவில்லை. முடிச்சை அவிழ்த்தால் உள்ளே வண்டு. ராகி மாவு கட்டிதட்டிக் கசந்துபோயிருந்தது. வெங்காயம் முளைவிட்டு, அழுகி, காய்ந்து சருகாகிக் கிடந்தது. அடுப்பு மேல் லேப்டாப் டப்பா. குப்பைக் கூடையில் ஓட்டல் பார்சல் டப்பாக்கள் கழுத்து வரைக்கும்.

டாக்டர் பார்த்துவிட்டு இரைப்பையில் புண் மாதிரி ஆகியிருக்கு என்றார். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 11. ஆம்பளைப் பையனுக்கு 13-க்குக் குறைந்தாலே ரத்தசோகைக் கணக்கு. "காலையில என்னப்பா சாப்பிடுவே?" என்று கேட்டார். "சாப்பிடறதில்லீங்க சார்." "மத்தியானம்?" "கேண்டீன்ல பரோட்டா, இல்லீன்னா பப்ஸ்." "ராத்திரி?" "ஆர்டர் போடுவோம் சார். ஃப்ரைட் ரைஸ்." டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்க?" என்றார். "விவசாயம்" என்று சொல்ல வாய் வரலைங்க. ஊருக்கெல்லாம் சோறு போடறோம்னு மேடை கிடைத்தால் பேசுகிற ஆளு நான்.

ரூமுக்கு வந்ததும் கோபம் தாங்கவில்லை. "ஒரு மூட்டை அரிசியை வண்டுக்குக் குடுத்திருக்கியே, உனக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "அப்பா, எனக்கு ஆக்கத் தெரியாதுங்ப்பா. யாரும் சொல்லித் தரலீங்களே."

அதோடு என் வாய் அடைத்துப்போச்சு. அவன் சொன்னது உண்மை. அவன் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் தோசை ஊற்ற அடுப்படிக்குப் போனான். "உனக்கெதுக்கு சாமி இந்த வேலை, போய்ப் படி" என்று விரட்டினது நான்தான். பன்னிரண்டாவதில் தட்டை அவன் மேசைக்கே கொண்டுபோய் வைத்தோம். சாப்பிட்ட தட்டைக் கழுவ விடவில்லை. டிராக்டர் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன், மோட்டார் ஃபியூஸ் போடச் சொல்லிக் கொடுத்தேன், கிணற்றில் நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணி என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க எனக்கே தெரியாது என்பது அதைவிடப் பெரிய அசிங்கம். வீட்டுக்காரி ரெண்டு நாள் அவள் அம்மா வீட்டுக்குப் போனால், வாழைப்பழமும் பன்னும் தின்று கிடக்கிற ஆளு நான். நெல்லு எத்தனை நாளில் கதிர் பிடிக்கும் என்று தெரியும். அது சோறாவது எப்படி என்று தெரியாது. ஐம்பத்திரண்டு வயசு.

அன்றைக்குச் சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்காரி ஊரிலிருந்து சொல்லச் சொல்ல, அப்பனும் மகனும் அரிசியும் பருப்புஞ் சாதம் ஆக்கினோம். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது என்னவென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் துவரம்பருப்பு, ரெண்டையும் கழுவி ஊற வைக்கணும். குக்கரில் ரெண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு ஆறு பல், ஒரு தக்காளி போட்டு வதக்கணும். மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு. மூன்றரை டம்ளர் தண்ணி. கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி, நாலு விசில். அவ்வளவுதான்.

எங்களுக்கு முதல் தடவை உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனால் நாலு பசங்களும் ரெண்டு ரெண்டு தட்டு சாப்பிட்டார்கள். கணக்குப் பார்த்தேன். அரிசி, பருப்பு, வெங்காயம், எண்ணெய், கேஸ் எல்லாம் கடை விலைக்கே போட்டாலும் ஒரு ஆளுக்கு 25 ரூபாய் தாண்டவில்லை. பக்கத்தில் ஒரு அவித்த முட்டை வைத்தால் 32. முந்தின நாள் அவன் வாங்கின ஃப்ரைட் ரைஸ் பில்லு 224 ரூபாய்.

அந்த 224-ஐ என் கணக்கில் சொல்கிறேன், கேளுங்க. அந்த வாரம் எங்க பக்கம் தக்காளி கிலோ 8 ரூபாய்க்குப் போச்சு. 14 கிலோ பெட்டி ரெண்டு, அதாவது 28 கிலோ தக்காளி பறித்து, வண்டி ஏற்றி, மார்க்கெட்டில் இறக்கினால்தான் அந்த 224. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போனால் அதுவும் இல்லை. அப்பன் ரெண்டு பெட்டி தக்காளியை விற்று அனுப்புகிற காசில், மகன் ஒரு டப்பா சோறு வாங்கித் தின்று வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்கிறான். இந்தக் கணக்கை அவனிடம் சொன்னேன். அழுதுவிட்டான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

இனி உழவர் சந்தைக் கதைக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கடையில் கத்திரி, வெண்டை, பீர்க்கன், புடலை, பாகல், கொத்தவரை, அவரை, முருங்கை, ரெண்டு வகைக் கீரை, வெள்ளரி, கொய்யா என்று பன்னிரண்டு வகை வைத்திருந்தேன். மூணு காலேஜ் பசங்க வந்தார்கள். நல்ல பசங்க. மரியாதையாப் பேசினார்கள். பீர்க்கங்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஒருத்தன். அப்புறம் கேட்டான்: "அண்ணா, சமைக்காம அப்படியே சாப்பிடற மாதிரி என்ன இருக்கு?"

பன்னிரண்டில் ரெண்டு இருந்தது. வெள்ளரியும் கொய்யாவும். வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. 1999-ல் உழவர் சந்தை ஆரம்பித்தபோது நான் சின்னப் பையன் மாதிரி இருந்தேன். அப்பாவோடு மூட்டை தூக்கிப் போவேன். அப்போது பை தூக்கிக்கொண்டு வந்தவர்களேதான் இப்போதும் வருகிறார்கள், தலை நரைத்து, முட்டி வலியோடு. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் ஆள் இல்லை. மொத்த வியாபாரி கேட்கிற காய் எது தெரியுமா? பெரிய வெங்காயம், தக்காளி, உருளை, முட்டைக்கோஸ், குடைமிளகாய். ஓட்டல் சமையலறைக்கு வேண்டியது அதுதான். பீர்க்கனும் புடலையும் அவரையும் வீட்டு அடுப்பை நம்பி விளைகிற காய்கள். வீட்டு அடுப்பு அணைந்தால் அந்தக் கொடியும் பந்தலை விட்டு இறங்கிவிடும். "விவசாயியைக் காப்பாற்றுவோம்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிற தம்பிகளே, ஒரு புடலங்காய் பொரியல் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதுதான் காப்பு.

இதைச் சொன்னால் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"படிக்கிற பசங்களுக்கு நேரம் எங்கே?" நான் சொன்ன சாதத்துக்குக் கையில் வேலை பத்து, பதினைந்து நிமிசம். மீதி நேரம் குக்கர் பார்த்துக்கொள்ளும். ஆர்டர் போட்டுவிட்டு வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் அதைவிட அதிகம். மூணு வேளையும் ஆக்கச் சொல்லவில்லை. பரீட்சை சமயத்தில் விட்டுவிடட்டும். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கு வாரம் ரெண்டு வேளை என்றால் அதுவே எட்டு வேளை ஆச்சே.

"கடையில் வாங்கினால் என்ன, அதுவும் சோறுதானே?" இங்கேதான் விசயமே இருக்கு. கரண்டி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் உப்பையும் எண்ணெயையும் முடிவு செய்கிறார். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பான். அதை ரெண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அந்த ஒரு சின்னப் பாக்கெட்டிலேயே நாள் கணக்கில் ஐந்தில் ரெண்டு பங்கு போச்சு. ஓட்டல் டப்பாவில் அந்த எழுத்தும் கிடையாது.

ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதிய வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி வேண்டிய ஆளுக்குத் தானியம் சுமார் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, கறி 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், கடலை, எள்ளு மாதிரி கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று கணக்கு. இதை எழுதிவைத்துக்கொண்டு ஒரு ஃப்ரைட் ரைஸ் டப்பாவைத் திறந்து பாருங்கள். 400 கிராம் காய் எங்கே? நாலு கேரட் துண்டும் ரெண்டு கோஸ் இலையும் பல் குத்தக் காணாது.

என் பையன் ஒருத்தன் கதை என்று நினைக்கவேண்டாம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019-21, இந்தியாவில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 100-க்கு 25 பேர். ரத்தசோகைக்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. ஆனால் முருங்கைமரம் வாசலில் நிற்கிற ஊரில் பிறந்த பிள்ளை இந்தக் கணக்கில் சேர்வதை என்னவென்று சொல்ல?

"பெண் பிள்ளைகளுக்குச் சமைக்கத் தெரியும், பசங்களுக்குத்தான் தெரியாது." இதுவும் பாதிப் பொய். எங்க ஊரில் பெண்ணுக்குச் சமையல் சொல்லித் தருவார்கள், "நாளைக்குப் போற எடத்துல பேரு கெட்டுப்போகும்" என்று மிரட்டி. யாரோ ஒருத்தன் சாப்பிடுவதற்காகக் கற்றுக்கொள் என்றால் எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? என் அண்ணன் மகள் எம்.எஸ்சி. படிக்கிறாள். நன்றாகச் சமைப்பாள். ஹாஸ்டல் போனதிலிருந்து கரண்டியைத் தொடவில்லை. "சித்தப்பா, அப்பாடான்னு இருக்குது" என்றாள். அவளைத் தப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெண்ணுக்குத் தண்டனையாகவும் பையனுக்குக் கௌரவக் குறைச்சலாகவும் சமையலை ஆக்கினது நாம். இத்தனைக்கும் நல்ல சமையலுக்கு நம்ம பாஷையில் இருக்கிற பேரே நளபாகம், பீமபாகம். ரெண்டும் ஆம்பளைங்க பேரு. கோயில் நோம்பிக்கு ஐந்நூறு பேருக்கு அண்டாவில் சோறு வடிப்பவர்களும் ஆம்பளைங்கதான். வீட்டு அடுப்பில் நாலு பேருக்கு ஆக்கினால் மட்டும் மீசை இறங்கிவிடுமாக்கும்.

"ஹாஸ்டலில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள்." உண்மை. தீப்பிடிக்கும், கரண்ட் இழுக்கும் என்பார்கள். அதுவும் நியாயம்தான், அறைக்குள் வைத்தால். ஆனால் ஒன்று யோசியுங்கள். இன்ஜினியரிங் முதல் வருசத்தில் ஒர்க்ஷாப் என்று ஒரு பாடம். அங்கே பதினெட்டு வயசுப் பையன் கையில் வெல்டிங் ராடைக் கொடுக்கிறார்கள். கடைசலில் இரும்பைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். அதே பையன் கையில் குக்கரைக் கொடுத்தால் ஆபத்தாம். கண்காணிப்போடு மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை வைக்க முடியாதா? கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி ஒட்டத் தெரிந்த கல்லூரிகளுக்கு, நாலு மேடையும் ஒரு சிங்க்கும் கட்டத் தெரியாதா? அறைக்குள் கெட்டிலை ஒளித்து வைத்து முட்டை வேகவைக்கிற பசங்க எத்தனை பேர் என்று ஒவ்வொரு வார்டனுக்கும் தெரியும். அதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வைப்பதுதான் பாதுகாப்பா?

பிள்ளைகள் பசி என்பது இந்த மாநிலத்துக்குப் புரியாத விசயம் இல்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு போட்ட ஊர் இது. காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. 2022-ல் காலை உணவுத் திட்டம். நானே சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன்தான். பத்தாவது வரைக்கும் மத்தியானச் சோற்றுக்குப் பொறுப்பெடுக்கிற சமூகம், அதுக்கப்புறம் பிள்ளையின் தட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எங்க ஊரிலிருந்து ஆறரை மணிக்குக் காலேஜ் பஸ் கிளம்புகிறது. பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு ஏறுகிறார்கள். முதல் சோறு பதினொன்றரைக்குக் கேண்டீன் பப்ஸ். ஆக, கிராமத்தில் எல்லாரும் கம்மங்கூழ் குடித்து வாழ்கிறோம் என்று நகரத்து நண்பர்கள் கனவு காணவேண்டாம். எங்க ஊர்ப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாக அஞ்சு ரூபாய் சிப்ஸ்தான் தொங்குகிறது.

சமையலும் சத்தும் ஒரு படிப்பு என்பதும் நமக்குப் புதுசு இல்லை. காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகப் பாடம் என்றது. அந்த வழியில் நின்ற அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய மனையியல் கல்லூரி 1957-லிருந்து நம்ம கோயமுத்தூரில்தான் இருக்கிறது. ஆனால் நாம என்ன பண்ணினோம்? மனையியல் என்றால் பொம்பளைப் பிள்ளைகள் பாடம் என்று ஓரமாக வைத்தோம். ஜப்பானில் 1993, 94 வாக்கில் மனையியலைப் பையன், பெண் ரெண்டு பேருக்கும் கட்டாயப் பாடமாக்கினார்கள். 2005-ல் உணவுக் கல்விக்கு என்றே ஒரு அடிப்படைச் சட்டம் போட்டார்கள். புல்லட் ரயிலும் விடுகிறான், பையனுக்குக் காய் நறுக்கவும் சொல்லித் தருகிறான்.

நடுவில் ஒரு வார்த்தை, சிறுதானியப் பைத்தியம் பிடித்த நகரத்து நண்பர்களுக்கு. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. ரொம்ப சந்தோசம். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. ஆனால் அந்த ராகியை யார் கிண்டறது? உங்க பிள்ளைக்கு நீங்கள் வாங்கித் தருகிற ராகி குக்கீஸ் டப்பாவில் பொருள்கள் பட்டியலைப் படியுங்கள். முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம் இருப்பது. பெரும்பாலும் நான் பார்த்த டப்பாக்களில் மைதாவோ சர்க்கரையோதான் முன்னால் நிற்கிறது. ராகி பின்னால் பயந்துபோய் நிற்கிறது. என் அப்பத்தா ராகிக் களி கிண்டினால், களியும் கீரைக்கடைசலும்தான். அதுக்குப் பேரு சூப்பர் ஃபுட்டும் இல்லை, விலை 300 ரூபாயும் இல்லை.

சரி, திட்டினது போதும். பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பும் முன் என்ன சொல்லித் தரணும்? வீட்டுக்காரியிடம் கேட்டேன். விரலை மடக்கிச் சொன்னாள்:

1. சோறு வடிக்க, குக்கரில் வைக்க, ரெண்டும்.
2. பருப்பு வேகவைத்துக் கடைய.
3. ஒரு ரசம்.
4. ஒரு புளிக்குழம்பு. அதில் எந்தக் காயும் போடலாம்.
5. ஒரு பொரியல்.
6. கீரை ஆய்ந்து, கழுவி, கடைய.
7. முட்டை அவிக்க, பொரிக்க.
8. பால் காய்ச்சி உறை ஊற்ற.
9. கொள்ளு, பாசிப்பயறு ஊறவைத்துச் சுண்டல்.
10. காய் பார்த்து வாங்க. வெண்டையின் முனை ஒடியணும், முருங்கை முறுக்கினால் வளையணும்.

"பதினொண்ணாவது, தின்ன தட்டைக் கழுவணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். இந்தப் பத்தும் பன்னிரண்டாவது பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்குள் கற்றுக்கொள்ளலாம். அந்த லீவில்தான் கோச்சிங், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். இதுக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். பையனோடு தங்கியிருக்கிற ஒரு தம்பியின் அம்மா எனக்கே போன் போட்டு, "ஏனுங்க, எம் பையனைச் சோறாக்க வெக்கறீங்களாமா? நாங்க படிக்கத்தான அனுப்புனோம்" என்று சத்தம் போட்டார். சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அந்தத் தம்பி இப்போதும் ஆர்டர்தான். மீதி மூணு பேர் முறை வைத்து ஆக்குகிறார்கள். ஒரு தடவை குக்கரின் அடி கருகி, தேய்க்க ரெண்டு நாள் ஆச்சாம். வாரத்தில் மூணு நாள் இன்னும் வெளிச் சாப்பாடுதான் போல. நான் கேட்பதில்லை. காலையில் மட்டும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன். வயிற்று எரிச்சல் நின்றுவிட்டது. ரத்தம் அடுத்த மாசம் மறுபடி பார்க்கணும்.

வண்டு பிடித்த அரிசியைத் திருப்பிக் கொண்டுவந்து வெயிலில் காயவைத்து, புடைத்து, நாங்கள்தான் தின்றோம். வீணாக்க மனசு வரவில்லை. நானும் வாரம் ஒரு நாள் அடுப்படிக்குப் போகிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ரசம் மட்டும் ஓரளவுக்கு வருகிறது. இந்தத் தடவை பையனுக்கு மூட்டை அனுப்பவில்லை. அஞ்சு கிலோ பையில் போட்டுக் கொடுத்து, "தீர்ந்தாக் கேளு" என்றேன்.

நேத்து ராத்திரி போன் பண்ணினான். "அப்பா, அரிசி தீர்ந்து போச்சுங்க. வர்றப்ப கொஞ்சம் கூடவே கொண்டாங்க. பீர்க்கங்காயும் ரெண்டு போடுங்க."

நாளைக்குக் காலையில் பந்தலில் பறிக்கணும். கோயமுத்தூர் பஸ் ஆறு மணிக்கு. உங்கள் வீட்டிலும் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால், இன்றைக்கு ராத்திரி உலை வைக்கும்போது அவனையோ அவளையோ பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வராவிட்டால் நீங்களாவது போய் நில்லுங்கள், என்னைப் போன்ற அப்பன்மார்களே.